ஊட்டி மலையில் ஒரே கதை, மூன்று முறை: மூடுபனி, மூன்றாம் பிறை, சத்மா – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஆண், ஒரு பெண், மலைமேல் ஒரு வீடு. அந்தப் பெண் அங்கே வந்து சேர்ந்தது அவள் எடுத்த முடிவால் அல்ல. இந்தச் சூழலை பாலு மகேந்திரா நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று முறை படமாக்கினார். 1980இல் மூடுபனி, 1982இல் மூன்றாம் பிறை, 1983இல் அதன் இந்தி வடிவமான சத்மா. மூன்றிலும் இயக்கமும் ஒளிப்பதிவும் அவருடையவை. மூன்றுக்கும் இசை இளையராஜா. மூன்றிலும் மலை நீலகிரி.

ஒரு இயக்குநர் பழைய கருவுக்குத் திரும்பினால் அரைத்த மாவையே அரைக்கிறார் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். பாலு மகேந்திரா அந்தப் பேச்சை நிறையவே கேட்டிருப்பார். ஒரு ஆணுக்கு இரண்டு பெண்கள் என்ற சிக்கலை ரெட்டைவால் குருவி (1987), மறுபடியும் (1993), சதி லீலாவதி (1995) ஆகிய மூன்றிலும் எடுத்துக்கொண்டார். வீட்டில் இருக்கும் முதியவரை வீடு, சந்தியா ராகம், பிறகு கால் நூற்றாண்டு கழித்து 2013இல் வந்த தலைமுறைகள் என்று தொடர்ந்து பார்த்தார். கடைசிப் படத்தில் அந்த முதியவராக அவரே நடித்தார். இவை ஒவ்வொன்றும் தனி ஆய்வுக்கு உரியவை. மலைப் படங்களை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம் எளிது. காலமும் இடமும் நெருக்கமானவை, கேமராவும் ஒரே கையில் இருந்தது. அதனால் எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்.

மூடுபனி படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 1980 மே மாதம், அதன் நாயகியும் இயக்குநரின் துணைவியுமான ஷோபா காலமானார். அடுத்து வந்த மூன்றாம் பிறையை அந்த இழப்போடு சேர்த்துப் படிப்பவர்கள் பலர். அந்த வழியில் போனால் இயக்குநரைப் பற்றி நிறையப் பேசலாம், படத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசலாம். இந்த ஆய்வு திரைக்கதையையும் ஒளியையும் மட்டும் பார்க்கிறது.

மாறியது என்ன

மூடுபனி ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலைத் தழுவியது. பிரதாப் போத்தன் நடித்த சந்துரு பெண்களைக் கொல்பவன். பெங்களூரில் பார்த்த ரேகாவைக் கடத்தி ஊட்டிக்குக் கொண்டுபோகிறான். அவன் யார் என்று நமக்குத் தெரியும். தான் அடைபட்டிருக்கிறோம் என்று ரேகாவுக்கும் தெரியும். தான் கெட்டவன் என்பது மட்டும் சந்துருவுக்குத் தெரியாது. அவன் கணக்கில் அது காதல். கிதாரை எடுத்து 'என் இனிய பொன் நிலாவே' பாடுகிறவன் ஒரு கொலைகாரன் என்பது அந்த நேரத்தில் நமக்கு மறக்காமல் இருந்தால்தான் அந்தப் பாட்டு வேலை செய்யும். இன்று பாட்டைத் தனியாகக் கேட்பவர்கள் அதைச் சுத்தமான காதல் பாட்டாகவே கேட்கிறார்கள். அது பாட்டுக்குக் கிடைத்த வெற்றி, காட்சிக்கு நேர்ந்த நஷ்டம்.

மூன்றாம் பிறையில் கமல்ஹாசன் நடித்த சீனு பள்ளிக்கூட வாத்தியார். விபத்தில் நினைவிழந்து குழந்தை மனதோடு இருக்கும் பாக்கியலட்சுமியை, சென்னையில் அவள் சிக்கியிருந்த விபச்சார விடுதியிலிருந்து மீட்டுத் தன் வீட்டுக்கு, ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்திக்கு அழைத்து வருகிறான். அவளுக்கு அங்கே பெயர் விஜி. சுருக்கமாகச் சொன்னால் பழைய படத்தின் அதே ஏற்பாடு. போலீசுக்கும் பெற்றோருக்கும் தகவல் இல்லை. ஊர் ஒதுக்குப்புறம். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் இயக்குநர் திருப்பிப் போட்டார். முதல் படத்தில் நினைவு அவளை வதைத்தது, அவனுக்குப் புத்தி பேதலித்திருந்தது. இரண்டாவதில் அவளுக்கு நினைவே இல்லை, புத்தி முழுக்க அவனிடம் இருக்கிறது.

இந்த ஒரு திருப்பத்தால் திரைக்கதையின் கடிகாரமே மாறிவிடுகிறது. மூடுபனியில் பார்வையாளர் காத்திருப்பது அவள் எப்போது தப்பிப்பாள் என்பதற்காக. மூன்றாம் பிறையில் அவள் குணமாக வேண்டும் என்று நினைக்கும் அதே மனது, குணமானால் சீனுவுக்கு என்ன ஆகும் என்றும் பதறுகிறது. வைத்தியர் ஒருவரின் சிகிச்சையில் நினைவு திரும்பும்போது இரண்டு விருப்பங்களும் மோதுகின்றன. பெற்றோரோடு போலீசும் வருவதால் சீனு பக்கத்தில் இருக்க முடியாமல் போகிறது. முந்தைய படத்தில் போலீஸ் வந்தால் நிம்மதி, இதில் வந்தால் பயம். ஒரே கருவுக்குத் திரும்பும் ஒருவர் கதாபாத்திரங்களின் தொழிலையும் ஊரையும் மாற்றிப் பயனில்லை. யாருக்கு எது தெரியும் என்பதை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக இடம் மாறும்.

ஒரு வார்த்தை விமர்சனமும் வேண்டும். சீனுவின் நல்ல மனதைப் படம் மிகவும் நம்புகிறது. அவன் ஏன் முதல் நாளே காவல் நிலையத்துக்குப் போகவில்லை என்ற கேள்விக்குப் படத்தில் சரியான பதில் இல்லை. மூடுபனியின் சந்துரு அந்தக் கேள்விக்குள் கொஞ்சம் நிற்கிறான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு சீனு அவ்வளவு பால்போல வெள்ளையாகத் தெரிய மாட்டான். அது படத்துக்குக் குறை என்று சொல்ல முடியாது, பழைய படம் புதிய படத்தின் மேல் போடும் நிழல் அது. திரும்பி வருகிறவர் அந்த நிழலையும் எண்ணித்தான் எழுத வேண்டும்.

அதே சூழல் பழனி மலைக்கும் போனது. 1991இல் வந்த குணாவில் கமல்ஹாசனே ஒரு பெண்ணைக் கொடைக்கானல் குகைக்குக் கொண்டுபோகிறார். இயக்குநர் வேறு, சந்தான பாரதி. அங்கே சந்துருவின் பேதலித்த புத்தியும் சீனுவின் கள்ளமின்மையும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. பாலு மகேந்திரா பிரித்து வைத்ததை வேறொருவர் சேர்த்துப் பார்த்த கணக்கு.

கேத்தி ரயில் நிலையம்

மூன்றாம் பிறையின் இறுதிக் காட்சி, திரும்பச் செய்தல் என்பது ஒரே படத்துக்குள் எப்படி இயங்க வேண்டும் என்பதற்குப் பாடம். ரயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தன்னை நினைவுபடுத்த சீனு செய்யும் குரங்குச் சேட்டைகள் புதியவை அல்ல. வீட்டுக்குள் அவளைச் சிரிக்க வைக்க முன்பே செய்தவை. அப்போது அவள் சிரித்தாள், நாமும் சிரித்தோம். இப்போது அவளுக்கு அவன் ஒரு பைத்தியக்காரன், பசித்தவன். சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிப் போடுகிறாள். வசனம் எதுவும் விளக்கம் சொல்லவில்லை, தேவையும் இல்லை. அந்த உடலசைவுகளை முதலில் அளவாக விதைத்திருக்கிறார்கள். முதல் முறை அவை வெறும் தமாஷாக மட்டும் வர வேண்டும். பின்னால் வரப்போவதற்காகக் கேமரா ஒரு நொடி கூடுதலாக அதில் நின்றிருந்தால்கூடப் பார்வையாளர் குறித்துக்கொண்டிருப்பார், முடிவு வீணாகியிருக்கும்.

இடமும் கை கொடுக்கிறது. மேட்டுப்பாளையம்–உதகை பாதை சுமார் 46 கி.மீ. நீளமுள்ள ஒற்றை மீட்டர்கேஜ் பாதை. குன்னூருக்கு மேல் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். கேத்தி அதற்கு மேலே இருக்கிறது. பல்சக்கரம் இல்லாத அந்தப் பகுதியிலும் வேகத்தின் உச்சவரம்பு மணிக்கு 30 கி.மீ.தான். புறப்படும்போது அதிலும் எவ்வளவோ குறைவு. காயப்பட்டு நொண்டும் ஒருவன் ஜன்னலோடு ஜன்னலாகச் சில வினாடிகள் ஓடிவர முடிவது இதனால்தான். அகலப்பாதை எக்ஸ்பிரஸ் ஒன்றில் இதே காட்சியை எழுதினால் இரண்டு வெட்டில் முடிந்துவிடும். இங்கே ரயில் அவனுக்கு நேரம் கொடுக்கிறது, அவளுக்கு நினைவு கொடுக்கவில்லை. காட்சியின் கொடுமை முழுக்க அந்த மெதுவான வேகத்தில் இருக்கிறது.

அந்தக் காட்சியில் பெய்யும் மழையைப் பற்றி ஒரு தொழில் குறிப்பு. மழை பெய்தால் படத்தில் மழை தெரியும் என்று நினைப்பவர்கள் முதல் நாளே ஏமாறுவார்கள். முன்பக்க வெளிச்சத்தில் தூறல் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. ஒளி பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். கேத்தியில் அதற்கு யூகலிப்டஸ் தோப்பும் ரயில் பெட்டியின் பக்கச் சுவரும் போதும். வெளிறிய வானத்துக்கு எதிரே எடுத்தால் நடிகர் நனைந்திருப்பார், மழை மட்டும் காணாது. லென்சுக்கு மேல் குடை பிடிக்கும்போது குடையின் மேல் ஒரு டர்க்கி டவலை விரித்துவிட்டால் சொட்டுச் சத்தம் மைக்குக்குப் போகாது. அந்தக் காலத்தில் எல்லாம் டப்பிங் என்பதால் இந்தக் கவலை அவர்களுக்கு இல்லை. இன்று நடிக்கும்போதே ஒலியையும் பதியும் சிங்க் சவுண்டில் எடுப்பவருக்கு கேத்தியின் தகரக் கூரைகளே முதல் எதிரி.

மூட்டமும் மீட்டரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பரவலாக இருந்த ஈஸ்ட்மன் 5247 கலர் நெகட்டிவ் ஃபிலிம் 100 ஏ.எஸ்.ஏ. வேகம் (ஒளியை உணரும் திறனின் அளவு) கொண்டது. டங்ஸ்டன் எனப்படும் மஞ்சள் விளக்கொளிக்குச் சமன் செய்யப்பட்டது. பகல் ஒளியில் நிறத்தைச் சரிசெய்ய 85 என்ற ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் 64 ஆக இறங்கும். வினாடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/48. நல்ல வெயிலில் லென்சின் துளையை எஃப் 16இல் வைக்கலாம்; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். மேகம் மூடினால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறங்கினால் ஒளி பாதி) இறங்கி எஃப் 5.6. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி மரத்தடிக்குள் புகுந்துவிட்டால் எஃப் 2.8 கிடைத்தாலே பெரிது. வீட்டுக்குள் ஜன்னல் ஒளியை மட்டும் நம்பினால் எஃப் 2.

எஃப் 2இல் 50 மி.மீ. லென்சை வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் முகத்தை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தம் 15 செ.மீ.க்குச் சற்றுக் கூட. கண் கூர்மையாக இருந்தால் பின்தலை மங்கும். அப்படியொரு அறையில் குழந்தைபோலத் துள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு ஃபோகஸ் பிடிப்பது என்ன வேலை என்று அதற்கென்றே இருக்கும் கேமரா உதவியாளர்களான ஃபோகஸ் புல்லர்களுக்குத் தெரியும். இதற்கு ஒரே வழி, நடிகரைத் தரையில் உட்கார வைப்பது, சுவரில் சாய வைப்பது, ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்து வேலையில் போடுவது. இயற்கை ஒளியில் எடுக்கும் படங்களில் ஆட்கள் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது கேலி செய்தால், காரணம் கவித்துவம் மட்டும் இல்லை என்று சொல்லலாம்.

மூட்டத்தில் ஒளியை அளக்கும் மீட்டர் பொய் சொல்லும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வெள்ளை மூட்டத்தின் மேல் காட்டினால் அது அதை நடுச் சாம்பலாக எண்ணிக்கொள்ளும். அந்த அளவில் எடுத்தால் முகங்கள் ஒன்று ஒன்றரை ஸ்டாப் இருண்டு போகும். நடிகரின் கன்னத்துப் பக்கம் வெள்ளைக் குமிழ் மீட்டரைப் பிடித்து விழும் ஒளியை அளப்பதே பாதுகாப்பு. டிஜிட்டலில் மானிட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். மூட்டத்துக்குள் கருப்புத் துணி போடாமல் மானிட்டர் பார்த்தால் அதுவும் பொய்தான் சொல்லும்.

கன்டினியூட்டிதான் பெரிய தலைவலி. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் மூட்டம் வந்துவிட்டுப் போய்விடும். வைடு ஷாட்டை மூட்டம் இருக்கும்போதே முதலில் முடித்துவிட வேண்டும். க்ளோஸ்-அப்களுக்கு ஆட்களைச் சுவர், மரத்தண்டு, தேயிலைப் புதர் என்று ஒரு பின்னணிக்கு முதுகு ஒட்டினாற்போல நிறுத்திவிட்டால் மூட்டம் இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எதிர்ப்பக்க ஷாட்டில் தொலைவு தெரியத்தான் வேண்டும் என்றால் ஸ்மோக் மெஷின் பத்து மீட்டர் ஆழத்துக்குள் உதவும். காற்று அடித்தால் அதுவும் கிழிந்துவிடும். ஒவ்வொரு வெளிப்புறக் காட்சிக்கும் பக்கத்திலேயே ஒரு உட்புறக் காட்சியைத் தயாராக வைத்துக்கொள்வது இந்த மலையில் சொகுசு இல்லை, அரிசி பருப்பு மாதிரி அவசியம்.

குளிரில் வைத்திருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் நீர் படியும். பெட்டியோடு பிளாஸ்டிக் உறையில் கட்டி அரை மணி முதல் ஒரு மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இதை மறந்தால் காலை ஒளி கைவிட்டுப் போகும்.

இதெல்லாம் கருவோடு எப்படிச் சேர்கிறது? மூட்டம் ஒன்றுதான், அது செய்யும் வேலை இரண்டு. ஒரு கொலைகாரனின் கதையில் மூட்டம் ஒளித்து வைக்கிறது. அதே வெள்ளைச் சுவர் சீனு–விஜி கதையில் அவர்களை உலகத்திடமிருந்து காக்கிறது. பயத்துக்கு வேண்டுமென்றால் கேமரா வெளியே நின்று வீட்டைப் பார்க்க வேண்டும், நீலச் சாயலைத் திருத்தாமல் விட வேண்டும். அடைக்கலத்துக்கு வேண்டுமென்றால் கேமரா உள்ளே வர வேண்டும், ஜன்னலுக்கு வெளியே மூட்டம் நீலமாக இருக்க உள்ளே ஒரு சாதாரண குண்டு பல்பு மஞ்சளாக எரிந்தால் போதும். லொகேஷனை மாற்றாமலே படத்தை மாற்றும் வழி இது.

சத்மா

மூன்றாவது முறை கிட்டத்தட்ட எதுவும் மாறவில்லை. கமல்ஹாசன், ஸ்ரீதேவி, சில்க் ஸ்மிதா மூவரும் அதே வேடங்களில் வந்தார்கள். பாடல்கள் குல்ஸார். நடிப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை, வடக்கே இன்றும் அந்தப் படத்தை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று கழன்றுவிட்டது. கேத்தி வாத்தியாரும் பக்கத்து வீட்டாரும் பள்ளிப் பிள்ளைகளும் இந்தி பேசும்போது கேத்தி ஒரு ஊராக இல்லாமல் பொதுவான 'ஹில் ஸ்டேஷன்' ஆகிவிடுகிறது. மூன்றாம் பிறையில் சீனு அந்த மலையைச் சேர்ந்தவன், அங்கே மதிப்பு உள்ளவன். கடைசியில் அவன் பிளாட்பாரத்தில் பிச்சைக்காரனாகத் தெரிவது அந்த மதிப்பும் சேர்ந்து போவதால்தான் வலிக்கிறது. சத்மாவில் அந்தப் பாதி வலி ஊமையாகிவிட்டது. ரீமேக் செய்கிறவர்கள் நடிகரையும் ஷாட்டையும் கொண்டுபோக முடியும். ஊரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் புதிய ஊரை எழுதித்தான் ஆக வேண்டும். மலை கிராமத்தை குமாவுன் பக்கம் மாற்றியிருந்தால் சத்மா இன்னும் வலுவான படமாக இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். அந்தச் செலவும் மெனக்கெடலும் வேறு கணக்கு.

இன்று இதே கருவை எடுக்க வருபவருக்கு

கருவின் மூன்றாவது கால், அதாவது மலையின் தனிமை, இப்போது நொண்டுகிறது. பெங்களூர்ப் பக்கமிருந்து பந்திப்பூர் வழியாக இரவில் ஒரு பெண்ணைக் கடத்தி வருவது எழுத்தில்கூட நடக்காது. 2009 முதல் அந்தச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வந்துவிட்டது. வண்டி எண்ணைப் பதிவு செய்யாமல் வெளியூர்க்காரர் ஏற முடியாது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். சந்துருவின் கார் இன்று ஏறினால் அது எப்போது ஏறியது என்று போலீசுக்கு அரை மணியில் தெரிந்துவிடும். சீனுவின் வீட்டுப் பெண்ணை யாராவது ஒரு சுற்றுலாப் பயணி செல்போனில் எடுத்துப் போட்டாலே கதை இடைவேளைக்கு முன் முடிந்தது.

ஆகவே தனிமையை வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மூன்று வழிகள் மலையில் இயல்பாகவே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் பாதையில் மண் சரிந்து ரயில் நாள்கணக்கில் நிற்பது வழக்கம், சாலையும் அப்படியே அடைபடும். சிக்னல் எடுக்காத பள்ளத்தாக்குகள் இன்னும் உண்டு. மூன்றாவதுதான் நல்ல எழுத்தாளருக்கு ஏற்றது. ஊருக்கே அவள் இருப்பது தெரியும், ஆனால் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தால் வாய் திறப்பதில்லை. அப்போது கேள்வி ஆளைவிட்டு ஊருக்குத் திரும்பும். முதல் இரண்டு படங்களில் ஊர் வெறும் பின்னணி, எழுதப்படாத பக்கம் அதுதான்.

வெளிப்புறத்துக்கு மாதம் தேர்ந்தெடுக்கும்போது கதையின் மூட்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம். கேத்தி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும். டிசம்பர், ஜனவரியில் அதிகாலைப் பனி பள்ளத்தில் படிந்து வெயில் ஏறியதும் கலைந்துவிடும், இரண்டு மணி நேரம் கிடைத்தால் லாபம். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டத்தைத் தவிர வேறு எதையும் எடுக்க முடியாது.

ரயில் காட்சி இருந்தால் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்திடம் அனுமதி முதல் வேலை, நடிகர் தேதி அதற்குப் பிறகு. ஓடும் பயணி ரயிலில் எடுத்தால் நிற்கும் நேரத்துக்குள் ஒரே டேக், அதற்குக் குறைந்தது மூன்று கேமரா. ஒன்று பெட்டிக்குள் ஜன்னலோரம், ஒன்று பிளாட்பாரத்தில் ஓடுபவனோடு, ஒன்று தண்டவாளத்தின் எதிர்ப்புறம் நீண்ட லென்சில். ரயில் தனியாக ஏற்பாடாகியிருந்தால் அதைப் பின்னால் நகர்த்தி மறுபடி கிளம்பச் செய்யலாம். ஒவ்வொரு முறையும் பாதை காலியாக இருக்கிறதா என்று நிலைய அதிகாரி சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். ஓடுபவர் பிளாட்பாரம் முடியும் இடத்துக்கு முன் எங்கே நிற்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஒரு ஆளை நிறுத்துங்கள். நனைந்த கல்லில் நடிப்பில் மூழ்கியவருக்குக் கோடு தெரியாது.